கெல்வின் கணக்குப் போட்ட கம்பி

தெர்மோ பேப்பரில் செல்சியஸோடு 273 கூட்டாமல் நம்மில் யாரும் பாஸ் ஆனதில்லை. அந்த அளவுக்கு கெல்வின் நமக்குப் பழக்கம். ஆனால் அந்த மனுஷன் வாழ்க்கையில் பாதியைச் செலவழித்தது வெப்பநிலைக்காக இல்லை, ஒரு செம்புக் கம்பி எவ்வளவு தடிமனா இருக்கணும் என்ற கேள்விக்காக. அதற்காகச் சண்டை போட்டார், கப்பல் ஏறினார், புயலில் மாட்டினார். நம்ம ஆளுங்க கடையில் போய் "ஒரு ஒயர் குடுங்க" என்று கேட்டு வாங்கிட்டு வர்ற அதே விஷயம்தான்.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. எங்க ஊர் எப்போதும்வென்றான், மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் இருக்கிற கரிசல்காட்டு ஊர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்க மாவட்டத்தில் கொட்டின மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்னுபோச்சு. கரண்ட் இல்லை, பல இடங்களில் டவரும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் டவரை நம்பாமல் பேசக்கூடியது அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ. மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, ஒரு செட்டும் ஆன்டெனாவும் பேட்டரியும் வெச்சா போதும். இதில் எல்லாரும் செட்டைப் பற்றிப் பேசுவாங்க, ஆன்டெனாவைப் பற்றிப் பேசுவாங்க. பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவில் போற ஒயரைப் பற்றி யாரும் பேச மாட்டாங்க. அதைப் பற்றி உலகத்தில் முதல்முதலா சீரியஸா கவலைப்பட்டவர்களில் ஒருத்தர் வில்லியம் தாம்சன். பின்னாளில் லார்ட் கெல்வின்.

தாம்சன் 1824 ஜூன் 26 அன்று அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் தாம்சன் கணக்கு வாத்தியார். ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். பிள்ளைகளுக்கு அப்பாவே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1832-ல் அப்பாவுக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, குடும்பமே அங்கே போனது. பத்து வயதில் வில்லியம் அதே பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். அப்புறம் கேம்பிரிட்ஜ், 1845-ல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம். 1846-ல், 22 வயதில், கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர். நாம ப்ளேஸ்மென்ட்டுக்கு ஃபார்மல் ஷர்ட் தேடுற வயசு.

அந்த வேலையில் 53 வருஷம் இருந்தார். போனதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் சும்மா கிடந்த பழைய ஒயின் நிலவறையைப் பிடித்து லேப் ஆக்கியது. அதுவரை மாணவர்கள் பேராசிரியர் செய்து காட்டுவதை உட்கார்ந்து பார்ப்பாங்க. தாம்சன் அவங்க கையிலேயே கருவியைக் கொடுத்து அளக்கச் சொன்னார். அளந்தது பெரும்பாலும் கம்பிகளைத்தான்.

1854-ல் அவர் முன்னாடி ஒரு கேள்வி வந்தது. கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கேபிளில் சிக்னல் ஏன் மெதுவா, குழம்பிப்போய் வருது? தாம்சன் கணக்குப் போட்டார். கடலடிக் கேபிள் என்பது நடுவில் செம்பு, சுற்றி இன்சுலேஷன், வெளியே கடல் நீர். பார்த்தால் ஒரு நீளமான கெப்பாசிட்டர். அதை நிரப்பணும் என்றால் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் வழியா நிரப்பணும். நீளம் கூடினா ரெசிஸ்டன்ஸும் கூடும், கெப்பாசிட்டன்ஸும் கூடும். அதனால் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நாலு மடங்கு. ஈசிஇ நண்பர்கள் வி.எல்.எஸ்.ஐ. பேப்பரில் படிக்கிற ஆர்.சி. தாமதம் இதேதான். சிப்புக்குள்ளே மில்லிமீட்டரில் வருவது அவருக்கு அட்லாண்டிக் சமுத்திரம் முழுக்க வந்தது. அவர் கண்ட தீர்வு சிம்பிள்: நடுவில் இருக்கிற செம்பைத் தடிமனாக்கு, இன்சுலேஷனையும் தடிமனாக்கு.

சிம்பிள்தான், ஆனால் செலவு. அட்லாண்டிக்கைக் கடக்க 1856-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தாங்க. அதன் எலெக்ட்ரீஷியன் வைல்ட்மன் வைட்ஹவுஸ், படிப்பால் ஒரு சர்ஜன். சோதனைகள் நிறைய செய்தவர்தான், ஆனால் தாம்சனின் கணக்கை ஏற்கவில்லை. தாமதம் நீளத்தின் வர்க்கப்படி கூடாது, மெல்லிய கம்பி போதும், வேணும்னா வோல்டேஜை ஏத்திக்கலாம் என்பது அவர் கட்சி. ஸ்காட்லாந்து பங்குதாரர்கள் தாம்சனை இயக்குநராகத் தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்பினாங்க. அவர் போய்ச் சேர்வதற்குள் கேபிள் ஆர்டர் கொடுத்தாச்சு. ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்ட் செம்பு, அதாவது 48 கிலோ சொச்சம். தாம்சனின் கணக்குப்படி அது போதாது.

போதாததோடு இன்னொன்றும் தெரிந்தது. வந்த செம்புக் கம்பித் துண்டுகளை அவர் லேபில் அளந்தார். ஒரே தடிமன், பார்க்க ஒரே நிறம். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். காரணம் செம்பில் கலந்திருந்த அசுத்தம். அதுவரை அதை யாரும் பெரிதா எடுத்துக்கலை. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கம்பியையும் சோதித்து வாங்கணும் என்று தாம்சன் விடாமல் வற்புறுத்தினார். பிறகு கேபிள் ஒப்பந்தங்களில் செம்பின் தரமும் ஒரு நிபந்தனையாச்சு.

1857-ல் முதல் முயற்சி. வைட்ஹவுஸ் உடம்பு சரியில்லை என்று கரையிலேயே இருந்துவிட்டார். தாம்சன் சம்பளம் இல்லாமல் கப்பலில் போனார். சில நூறு மைல் போட்டதும் கேபிள் அறுந்து கடலுக்குள் போச்சு. கேபிளைத் திறந்தவெளியில் போட்டு வெச்சிருந்தாங்க. இன்சுலேஷன் கட்டாபெர்ச்சா என்ற ஒரு மரப்பால் பொருள். வெயில் பட்டு அது இளகி, நடுவில் இருக்கவேண்டிய செம்பு சில இடங்களில் ஓரத்துக்கு வந்துவிட்டது. லண்டன் வெயிலுக்கே இந்த கதி.

1858 ஜூனில் மறுபடி கிளம்பினாங்க. தாம்சன் இருந்த அகமெம்னான் கப்பல் புயலில் மூழ்காமல் தப்பியதே பெரிசு. கேபிள் திரும்பத் திரும்ப அறுந்தது. கடைசியில் ஆகஸ்ட் 5 அன்று இரு கரையும் இணைந்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம். விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பின 98 வார்த்தைச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆச்சு.

தாம்சன் செய்திருந்த மிரர் கால்வனாமீட்டர், ஒரு குட்டிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியின் அசைவை வைத்து ரொம்பச் சின்ன கரண்ட்டையும் காட்டும். சில பேட்டரி செல்களே போதும். வைட்ஹவுஸ் அதை ஒதுக்கிவிட்டு, தன்னுடைய ஐந்தடி நீள இண்டக்‌ஷன் காயில்களை மாட்டி சுமார் 2000 வோல்ட் ஏத்தினார். ஏற்கெனவே பழுதோடு கடலுக்குள் போன கேபிள். செப்டம்பர் தொடக்கத்தில் பேச்சு நின்றது. 3,50,000 பவுண்ட் மூலதனத்தோடு ஆரம்பித்த கம்பெனிக்குக் கிடைத்தது சில வாரப் பேச்சு. வைட்ஹவுஸ் வேலையை இழந்தார். அரசு வைத்த விசாரணைக் குழு பல சாட்சிகளைக் கேட்டது. கேபிள் செய்த விதம், வைத்த விதம், ஓட்டின விதம் என்று எல்லாவற்றிலும் குறை இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம்ம ஊர் ஸ்டேஷனுக்கு வருவோம். வைட்ஹவுஸை நாம சிரிக்கலாம், ஆனால் அவர் செய்த இரண்டு காரியமும் இன்னைக்கும் நடக்குது. மெல்லிய ஒயர் போடுறது ஒண்ணு. தரம் பார்க்காமல் வாங்குறது இன்னொண்ணு.

100 வாட் ஹாம் செட் ஒன்று பேசும்போது 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். இதே செட்டுக்குப் பவர் சப்ளை வழியா ஈபி கரண்ட்டில் 230 வோல்ட் கொடுத்தால், சுவர்ப் பக்கம் போவது ஒன்றரை ஆம்பியர் அளவுதான். சுவர்ப் பக்கம் ஷாக் அடிக்கும், அதனால் அங்கே தடி ஒயர் வேணும் என்று நினைப்போம். 12 வோல்ட் ஒண்ணும் செய்யாது, அங்கே கையில் கிடைத்ததைப் போடுவோம். நிஜத்தில் தடி ஒயர் வேண்டியது 12 வோல்ட் பக்கம். ஷாக்குக்கு வோல்டேஜ் பயம், ஒயர் சூடாவதற்கு ஆம்பியர் பயம். ஒயரில் பிறக்கும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது.

பேட்டரி திண்ணையில், செட் உள்ளறையில், நடுவில் 5 மீட்டர் என்று வைப்போம். தாம்சனின் கேபிளில் கம்பி ஒண்ணுதான், திரும்பி வரும் வழி கடலும் பூமியும். நமக்கு அந்த வசதி இல்லை. போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர், ஆக மொத்தம் 10 மீட்டர். செம்பின் ரெசிஸ்டிவிட்டி மீட்டருக்கு, ஸ்கொயர் மில்லிமீட்டருக்கு 0.0172 ஓம். வீட்டு வயரிங்கில் மிச்சமான 1.5 ஸ்கொயர் ஒயரைப் போட்டால் 0.115 ஓம். 20 ஆம்பியரில் 2.3 வோல்ட் ஒயரிலேயே போயிடும், 46 வாட் சூடாகும். ஈபி போன நேரத்தில் பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தால் செட்டுக்கு வருவது 10.2. பட்டனை அழுத்தினதும் செட் அணைந்துபோகும். எந்த வெள்ளத்துக்காக ஸ்டேஷன் வெச்சோமோ, அந்த நேரத்தில் அது பேசாது.

அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.86 வோல்ட். 6 ஸ்கொயரில் 0.57. 10 ஸ்கொயரில் 0.34. ஆனால் 10 ஸ்கொயர் ஒயர் விலையும் ஜாஸ்தி, செட்டின் கனெக்டரில் நுழையவும் நுழையாது. பேட்டரியைத் தூக்கிட்டு வந்து செட்டுக்கு 2 மீட்டர் தூரத்தில் வைங்க. அப்போ 4 ஸ்கொயரிலேயே அதே 0.34 வோல்ட் இழப்புதான். தாம்சனால் அமெரிக்காவைப் பக்கத்தில் இழுத்து வைக்க முடியலை. நம்மால் பேட்டரியை வைக்க முடியும்.

தாம்சனும் தோல்வியோடு உட்காரவில்லை. 1860 டிசம்பரில் பனிக்கட்டி மேல் கர்லிங் விளையாடும்போது விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். மனைவி மார்கரெட் கல்யாணத்துக்குப் பிறகு எப்போதும் நோயாளி. இரண்டுக்கும் நடுவில் கேபிள் வேலை ஓடியது. அடுத்த கேபிளுக்கு அவர் கணக்கைக் கேட்டாங்க. கடல் மைலுக்கு செம்பு 107 பவுண்டிலிருந்து 300 ஆச்சு. இன்சுலேஷன் 261 பவுண்டிலிருந்து 400 ஆச்சு. 1865-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற பிரம்மாண்டக் கப்பல் அதை ஏற்றிப் போனது. 1200 மைல் போட்டதும் அதுவும் அறுந்தது. 1866-ல் மறுபடி போய் புதுக் கேபிளை முழுசா இறக்கினாங்க. போன வருஷம் அறுந்ததையும் ஆழ்கடலிலிருந்து தூக்கி ஒட்டு போட்டு முடித்தாங்க. ஒரே சமயத்தில் இரண்டு கேபிள், இரண்டும் நிமிடத்துக்கு எட்டு வார்த்தை அளவில் பேசின. அந்த வருஷமே தாம்சனுக்கு சர் பட்டம். எங்க ஊர் பேரை அவருக்கு வைக்க முடியாது. எப்போதும் வென்றவர் இல்லை, பத்து வருஷம் திரும்பத் திரும்பத் தோற்று அப்புறம் வென்றவர்.

அடுத்த சில வருஷங்களில் கடலடிக் கேபிள் நம்ம பக்கமும் வந்தது. 1871 ஆரம்பத்தில் சென்னை, பினாங்கு வழியா சிங்கப்பூரோடு இணைந்தது. காப்புரிமைகளால் தாம்சனுக்கு நல்ல பணம் வந்தது. 1870-ல் மனைவி இறந்த பிறகு 126 டன் பாய்மரக் கப்பல் ஒன்றை வாங்கி அதிலேயே பாதி நாள் இருந்தார். 1874-ல் மதீரா தீவில் சந்தித்த ஃபேன்னி பிளாண்டியைத் திருமணம் செய்துகொண்டார்.

1881-ல் ஒயர் மறுபடி அவர் மேசைக்கு வந்தது. அந்த வருஷம் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த லெட்-ஆசிட் பேட்டரி ஒரு பெட்டியில் பாரிஸிலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது. தாம்சன் அதைச் சோதித்துப் பார்த்தார். தன் வீட்டுக்கே மின்விளக்கு போட்டார், உலகத்திலேயே ஆரம்பகால மின்விளக்கு வீடுகளில் அதுவும் ஒன்று. அதே வருஷம் யார்க் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஒரு சின்னக் கட்டுரை வாசித்தார். இன்றைக்கும் ட்ரிபிள்ஈ மாணவர்கள் படிக்கும் கெல்வின் விதி அதுதான். தடி ஒயர் வாங்கினால் முதலில் காசு போகும். மெல்லிய ஒயர் வாங்கினால் வருஷா வருஷம் சூடாகப் போகும் கரண்ட்டுக்குக் காசு போகும். முதலுக்கான வருஷச் செலவும், சூடாகப் போகும் கரண்ட்டின் வருஷச் செலவும் எந்தத் தடிமனில் சமமாகுதோ, அதுதான் சிக்கனமான ஒயர்.

எங்க பக்கம் காட்டுக் கிணற்று மோட்டாருக்கு இந்த விதி நல்லாப் பொருந்தும். தினமும் மணிக்கணக்கில் ஓடுவதால் தடி ஒயர் தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்துடும். ஆனால் ஹாம் செட்டுக்கு இதே விதியைப் போட்டால் என்ன ஆகும்? வருஷத்துக்கு 100 மணி நேரம் டிரான்ஸ்மிட் பண்ணினால்கூட, 1.5 ஸ்கொயர் ஒயரில் வீணாவது 4.6 யூனிட். டீ செலவுகூடப் பெரிசு. அப்போ காசுக் கணக்கு மெல்லிய ஒயரே போதும் என்று சொல்லிடும். காசுக் கணக்கு ஒயர் எவ்வளவு சூடாகும் என்று பார்ப்பதில்லை, செட்டுக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருது என்றும் பார்ப்பதில்லை. அதனால் வரிசை இதுதான்: முதலில் சூடு, அடுத்தது வோல்டேஜ், கடைசியில்தான் காசு. முதல் இரண்டிலும் பாஸ் ஆன ஒயர்களுக்குள்ளே மட்டும் விலை பாருங்க.

சூட்டில் ஃபியூஸும் சேர்த்தி. செட்டைக் காப்பாத்தத்தான் ஃபியூஸ் என்று பலர் நினைக்கிறோம். அது முதலில் காப்பாத்துவது ஒயரை. 25 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், அந்த ஒயர் 25-க்கு மேல் தாங்கக்கூடியதா இருக்கணும். இல்லைன்னா ஷார்ட் ஆனதும் ஃபியூஸுக்கு முன்னாடி ஒயர் எரியும். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடம் பேட்டரி முனைக்குப் பக்கம், செட்டுக்குப் பக்கம் இல்லை. நடுவில் எங்கே உரசினாலும் பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கொட்டும். சாதாரண பிவிசி இன்சுலேஷன் தாங்குவது 70 டிகிரி. மே மாசக் கோவில்பட்டி வெயிலில் காற்றே 40 டிகிரி, தகரக் கூரைக்குக் கீழே இன்னும் மேலே. மிச்சம் 30 டிகிரிக்குள்தான் ஒயர் சூடாகலாம். கட்டாபெர்ச்சா இளகின கதையை இங்கே நினைச்சுக்கோங்க.

தரத்துக்கும் தாம்சன் வழிதான். செம்பு மாதிரி மேல்பூச்சு போட்ட அலுமினிய ஒயர் கடையில் கிடைக்குது. அலுமினியத்தின் ரெசிஸ்டிவிட்டி செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். மேலே போட்ட கணக்கு எல்லாம் அதில் தப்பாயிடும். முனையைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளை தெரிந்தால் வேண்டாம். கையில் தூக்கிப் பாருங்க, செம்பு மூணு மடங்குக்கு மேல் கனம். உறையில் ஐ.எஸ். 694 என்ற முத்திரை இருக்கா பாருங்க.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. கரிசல் மண் ஈரத்தில் எர்த்துக்கு அருமையான மண். கோடையில் பாளம் பாளமா வெடிச்சு, அடிச்ச கம்பியை விட்டு விலகி நிக்கும். எர்த் ஒயர் எவ்வளவு தடியா இருந்தாலும் முனையில் மண் தொடலைன்னா பயன் இல்லை. குழியை ஆழமாப் போட்டு, கோடையில் தண்ணி ஊத்துற பழக்கம் வேணும்.

1892-ல் தாம்சனுக்கு லார்ட் பட்டம் வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். நாம 273 கூட்டி எழுதுறது ஒரு ஆற்றின் பெயரை. எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி என்றும் இல்லை. பூமியின் வயதை சில கோடி வருஷம் என்று கணக்குப் போட்டு கடைசி வரை பிடிவாதமா நின்றார். நயாகரா மின்திட்டத்தில் ஏசியை விட டிசி நல்லது என்றார். ரேடியோ வந்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். 1898 ஜூனில் வைட் தீவில் மார்க்கோனியின் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்து நண்பர்களுக்குக் கம்பியில்லாச் செய்தி அனுப்பினார், அதற்குக் காசும் கொடுத்தே தீருவேன் என்று நின்றார். காசு கொடுத்து அனுப்பின முதல் ரேடியோ தந்தி அதுதான் என்று சொல்லுவாங்க. வாழ்நாள் பூரா கம்பிக்கு உழைத்தவர், கம்பியே இல்லாத ஒன்றுக்கு முதல் கஸ்டமர்.

1899-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மறுபடி அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் என்று பெயர் பதிந்துகொண்டார். 1907 டிசம்பர் 17 அன்று ஸ்காட்லாந்தின் லார்க்ஸ் ஊரில் தன் வீட்டில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தாங்க. 116 வருஷம் கழிச்சு அதே தேதியில்தான் எங்க மாவட்டத்தில் அந்த மழை பிடிச்சது. அடுத்த மழைக்கு முன்னாடி ஸ்டேஷன் போடுறவங்க, செட்டின் விலையை விசாரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்து பேட்டரிக்கும் செட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதை இரண்டால் பெருக்கி எழுதி வெச்சுக்கோங்க.